இருபத்துமூன்று கேள்விகளும் ஆறு படிகளும்

கனடாவின் ரொக்ஸ்பரோவில் றோசலின் வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்காத மன்னார் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிறு பூசை முடிந்தால் ஒரு காராவது அவள் வாசலில் நிற்கும். வருவார்கள், இருப்பார்கள், ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் கதைப்பார்கள், போவார்கள். ஆனால் அவள் போன வீடு ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது. பதின்மூன்று வருடமாக அவள் ஒருவர் வீட்டு வாசலையும் தாண்டவில்லை.

அதற்குக் கோபதாபம் எதுவும் காரணமில்லை. நகரத்தின் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் முன்வாசலில் மூன்று படியாவது இருக்கும். சில வீடுகளில் ஏழு. பனி குவிகிற நாட்டில் வீட்டைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவதில் குற்றம் சொல்ல முடியாது. றோசலினின் சக்கர நாற்காலிக்கோ ஒரு படியும் ஒன்றுதான், ஏழு படியும் ஒன்றுதான்.

முப்பத்துமூன்று வயதுவரை அவள் ஓடி நடந்தவள். அப்போது பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இரண்டாம் மாடியில் குடியிருந்தாள். அங்கே வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு. ஒரு தை மாதக் காலை, மழை விழுந்த கையோடு உறைந்து எல்லாவற்றுக்கும் கண்ணாடி பூசியிருந்தது. உடுப்புக் கூடையோடு இறங்கியவள் மூன்றாவது படியில் கால் வைத்ததுதான் நினைவு. முதுகெலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரியால் வந்த முதல் வருடம் சனம் அவளைச் சும்மா விடவில்லை. பிறந்தநாள், பிள்ளைகளின் புதுநன்மை, சுவாமியார் வந்து புதுவீடு மந்திரிப்பது என்று எதற்கும் அழைத்தார்கள். வாசலில் நான்கு இளைஞர்கள் தயாராக நிற்பார்கள். பெருநாளுக்கு மாதா சுரூபத்தைத் தோளில் தூக்குகிற மாதிரி நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். மாதாவுக்கு அது பெருமையாக இருக்கலாம். றோசலினுக்கு, தன் மூச்சின் மேலேயே நான்கு பேருடைய மூச்சு விழுவது போல இருக்கும். உள்ளே போன பிறகு தண்ணீர் குடிக்க மாட்டாள். கழிப்பறைக் கதவு நாற்காலிக்குப் போதாது. எழும்பிப் போகலாம் என்று தோன்றினாலும் அந்த நான்கு பேரும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஒருமுறை தூக்கிய பையன் ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அவன் சிரித்துச் சமாளித்தான். அன்றோடு அவள் போவதை விட்டாள். "நீங்கள் எல்லாரும் என்னட்டை வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். அவர்களும் வந்தார்கள். குறை சொல்ல முடியாத சனம்.

அதற்குப் பிறகுதான் படித்தாள். முப்பத்தாறு வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், பிரெஞ்சு மொழியில் கட்டட வரைகலை. பிறகு பல்கலைக்கழகம். மன்னாரின் பேசாலையில் கருவாடு காயவைத்த குடும்பத்தில், பட்டத் தொப்பி ஏறிய முதல் தலை அவளுடையதுதான். அந்தப் படம் வரவேற்பறையில் தொங்குகிறது. சுவரில் எல்லாரும் ஒரு படத்தை மாட்டுகிற உயரத்தில் அல்ல, அவள் கண்ணுக்கு நேரே. நின்று பார்க்கிறவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

இப்போது அவளுடைய வேலை, கிராமப்புறங்களில் வீடு கட்டுகிறவர்களுக்கும் வீட்டுத் திட்டங்களைப் பார்க்கிறவர்களுக்கும் பயிற்சி கொடுப்பது. கியூபெக்கின் சிறு ஊர்களிலிருந்து கட்டட மேற்பார்வையாளர், மேசன், தச்சர், நகரசபை எழுதுவினைஞர் என்று பன்னிரண்டு பேர் ஒரு தொகுதியாக வருவார்கள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அவளுடைய நிறுவனம் வகுப்பு நடத்துகிறது. வயதானவருக்கும், குழந்தைக்கும், கால் முறிந்தவருக்கும், கண் தெரியாதவருக்கும் ஒரே வீடு எப்படிப் பொருந்தும் என்பதுதான் பாடம்.

முதல் நாள் அவள் ஒன்றும் சொல்லிக்கொடுக்க மாட்டாள். ஆளுக்கொரு சக்கர நாற்காலி. மண்டபத்தின் மூலையில் ஒரு மாதிரிச் சமையலறை. அடுப்பிலிருந்து ஒரு கோப்பை இளஞ்சூட்டுச் சூப்பை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போக வேண்டும். இரண்டு கையும் சக்கரத்தில் இருந்தால் கோப்பையை எந்தக் கையால் பிடிப்பது? முப்பது வருடம் வீடு கட்டிய தடித்த மனிதர்கள் எல்லாம் மடியில் சூப்பை ஊற்றிக்கொண்டு விழிப்பார்கள். அடுப்புக்கும் மேசைக்கும் இடையில் தொடர்ச்சியாக ஒரு பலகை வைத்தால் கோப்பையைத் தள்ளிக்கொண்டே போகலாம் என்று யாராவது கண்டுபிடிக்கும்வரை அவள் வாய் திறக்க மாட்டாள்.

அந்த வகுப்புக்காக அவளே ஒரு படிவம் எழுதியிருந்தாள். இருபத்துமூன்று கேள்விகள். கதவு முப்பத்தாறு அங்குலம் அகலமா? நாற்காலி திரும்ப ஐந்து அடி வட்டம் இருக்கிறதா? கழிப்பறைச் சுவரில் கைபிடி தாங்குமா? மின்விளக்குப் பொத்தான் உட்கார்ந்தபடி எட்டுகிறதா? இருபத்துமூன்றுக்கும் சரி போட்டால் வீடு தேறியது. அந்தப் படிவம் அவளுடைய பெருமை. மூன்று மாவட்டங்களில் அதைப் படியெடுத்துப் பயன்படுத்தினார்கள்.

அவளுடைய தம்பி ஜெனாட் போன வருடம் பக்கத்திலேயே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு வீடு வாங்கினான். அவனைக் கனடாவுக்குக் கூப்பிட்டெடுத்தது அவள்தான். அவன் இங்கே வந்து இறங்கியபோது குளிருக்குக் கையுறை போட்டுவிட்டவளும் அவள்தான். வீடு வாங்கின அன்றைக்கே அவன் கேட்டான், திருத்த வேலை செய்யப்போறம், உங்களுக்கு என்னென்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ அக்கா என்று.

அந்தக் கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. உன் வீட்டை எனக்காக மாற்று என்று கேட்பது யாசகம் மாதிரி இருந்தது. அதனால் சொல்லவில்லை. படிவத்தை அனுப்பினாள். முன்பின் தெரியாத ஆளுக்கு அனுப்புகிற மாதிரி.

ஜெனாட் படிவத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. நான்கு மாதம் அக்காவை வீட்டுப் பக்கமே விடவில்லை. வேலை நடக்குது, தூசி, பேந்து பாப்பம் என்று தட்டிக்கழித்தான். ஐப்பசியில் செபமாலை மாதம் வந்தது. அந்த மாதம் மடு மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வார்கள். றோசலின், சுரூபம் தன் வீட்டுக்கு வரும் நாளில் மட்டும்தான் எல்லாரோடும் செபமாலை சொல்கிறவள். ஜெனாட் வீட்டு முறை ஒரு சனி பின்னேரம். அன்றைக்கே வீடு மந்திரிப்பும் என்றான்.

கையாலேயே எல்லாம் இயக்குகிற தன் வேனை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். பக்கத்து இருக்கையில் ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்குப் போகிறாள், வெறுங்கையோடு போகக்கூடாது.

வீட்டைக் கண்டதும் தொழில்காரியின் கண்தான் முதலில் பார்த்தது. அரைமாடி வீடு. வாகனக் கொட்டகை தரைமட்டத்தில், வீட்டின் மற்றப் பகுதியெல்லாம் ஆறு படி உயரத்தில். முன்வாசலில் அந்த ஆறு படியும் அப்படியே இருந்தன. வேனிலிருந்து இறங்கி நாற்காலியை அங்கேயே நிறுத்தினாள். அதற்குள் ஜெனாட் ஓடி வந்து நாற்காலியைப் பக்கவாட்டுக்குத் திருப்பினான். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு கதவு. சிவப்பு நாடா கட்டியிருந்தது. சனம் சுற்றி நின்றது.

நாடாவை வெட்டி உள்ளே போனாள். படியில்லை, தடங்கலில்லை, சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. விசாலமான அறை. கட்டில் சரியான உயரம். குளியலறையில் திரும்ப இடம், சுவரில் கைபிடி, நாற்காலியோடு உள்ளே போய்க் கை கழுவக்கூடிய தொட்டி. விளக்குப் பொத்தான் எட்டியது. சன்னல் அடிக்கட்டை, உட்கார்ந்தபடியே தெரு தெரிகிற மாதிரி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. அவள் எழுதிய இருபத்துமூன்றையும் ஒருவன் ஒரு எழுத்துப் பிசகாமல் கட்டி வைத்திருந்தான். சனம் கை தட்டியது. ஜெனாட்டின் மனைவி றொஷினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்ப மச்சாள் சாமான் ஏத்தப்போறீங்கள்?" என்று கேட்டாள் றொஷினி. "தனிய இருந்தது காணும், இனி எங்களோட இருங்கோ."

அப்போதுதான் றோசலினுக்கு விளங்கியது. அவர்கள் கட்டியது அவள் குடியிருப்பதற்கான இடம். இந்த அறையிலிருந்து வீட்டுக்குள் போக ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் ஆறு படி.

செபமாலைக்கென்று மேலே வரவேற்பறையில் பாய் விரித்திருந்தார்கள். நாலு பெடியள் நிக்கினம் அக்கா, தூக்கட்டோ என்று ஜெனாட் மெல்லக் கேட்டான். அவள் தலையாட்டி மறுத்தாள். அல்போன்சம்மா என்ற வயதான மனுசி, எந்த வீட்டுச் செபமாலையையும் தானே முன்நின்று தொடங்குகிறவர், மேலே இருந்து குரல் கொடுத்தார்: "அப்ப மாதாவைக் கீழ இறக்குங்கோவன்." மாதா ஆறு படி இறங்கி வந்தா. இருபது பேர் அறைக்குள் நெருக்கியடித்துக் கட்டிலிலும் நிலத்திலும் இருந்தார்கள். செபமாலையில் ஒரு பத்துமணிச் செபத்தை றோசலின் முன்நின்று சொன்னாள். எல்லாரும் சேர்ந்து பதில் சொன்னார்கள்.

பிறகு சாப்பாடு. மேசை இருந்தது மேல்தளத்தில். சனமும் மேலே ஏறியது. அவளுக்குத் தட்டு கீழே வந்தது. தனியே விடக்கூடாது என்று யார் சொன்னார்களோ தெரியாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் தட்டோடு இறங்கி வந்து பக்கத்தில் இருந்து இரண்டு வாய் சாப்பிட்டு, அடுத்தவர் வந்ததும் எழும்பிப் போனார்கள். முறை போட்ட மாதிரி. தலைக்கு மேலே பிள்ளைகள் ஓடுகிற சத்தம். யாரோ ஒரு பகிடி விட, ஒரு சிரிப்பு அலை எழும்பிக் கூரையோடு நின்றது. என்ன பகிடி என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கேட்கவும் இல்லை.

போகும்போது ஜெனாட் சாவியைக் கையில் வைத்தான். வாங்கிக்கொண்டாள். நல்லாயிருக்கடா என்றாள். அது பொய்யும் இல்லை.

மூன்று கிழமை அந்தச் சாவி அவளுடைய கைப்பையில் கிடந்தது. ஜெனாட் இரண்டு தரம் தொலைபேசி எடுத்துக் கேட்டான். வேலை முடியட்டும் என்றாள். யாரிடம் சொல்வது? உனக்கென்று இப்படி ஒரு அறை கட்டித்தந்த தம்பியைக் குறை சொல்கிறாயா என்றுதான் கேட்பார்கள். சொன்னால் நன்றி கெட்டவள். சொல்லாவிட்டால் அந்த அறைதான்.

கார்த்திகையில், அப்போது நடந்துகொண்டிருந்த தொகுதியின் கடைசி வகுப்பு. வழக்கமாக ஒரு வீட்டு வரைபடம் கொடுத்துப் பிழை பிடிக்கச் சொல்வாள். இந்த முறை ஜெனாட் வீட்டை வரைந்து, பெயரில்லாமல், திரையில் போட்டாள். இந்த அறையில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண் என்று மட்டும் சொன்னாள். பன்னிரண்டு பேரும் படிவத்தை எடுத்து அளவெடுத்தார்கள். இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. இவ்வளவு ஒழுங்கான வேலையை எங்கும் பார்க்கவில்லை, இதில் பிழையே இல்லை மடாம் என்றார்கள்.

கிஸ்லேன் என்ற ஒருவன் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். வடக்கே அபிதிபி பண்ணைப் பகுதியில் மூன்று சிறு ஊர்களுக்கு மேற்பார்வையாளன். நாற்பது வயதிருக்கும். வகுப்பில் அதிகம் பேசாதவன்.

"இந்தப் பெண் எங்கே சாப்பிடுகிறாள்?" என்று கேட்டான்.

"தட்டைக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்," என்றாள் றோசலின்.

"எங்கள் பக்கத்தில் கன்றுக்குட்டிக்குத்தான் அப்படிச் செய்வோம்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. கிஸ்லேனின் காது சிவந்துவிட்டது. அவள் திரையிலிருந்த அறையைச் சுட்டி, "அவர் கேட்டது சரி," என்றாள். "அந்தக் கேள்வி என்னுடைய படிவத்தில் இல்லை."

இருபத்துமூன்றும் அவள் கையால் எழுதியவை. ஒருவர் தன் வீட்டில் எப்படிக் குளிப்பார், எப்படித் தூங்குவார், எப்படிக் கழிப்பறைக்குப் போவார் என்று எல்லாம் கேட்டிருந்தாள். அவர் இன்னொருவர் வீட்டுக்குப் போவார் என்று அவளுக்கே தோன்றவில்லை. போகாமல் இருந்து இருந்து, போவது என்று ஒன்று இருப்பதையே கேள்வியிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

கோப்பி இடைவேளையில் கிஸ்லேன் தயங்கித் தயங்கி வந்தான். மன்னிப்புக் கேட்க வந்தவன், கேட்டுவிட்டு ஒரு கடதாசியை மேசையில் வைத்தான். அதில் வரைந்திருந்தது அவனுடைய அப்பாவின் மாட்டுக் கொட்டகை. வைக்கோல் வைக்கிற இடம் மேல்தளத்தில். குதிரையும் வண்டியும் வைக்கோலோடு மேலே ஏறுவதற்கு, கொட்டகையின் பின்புறம் மண்ணைக் கொட்டி மெல்ல மெல்ல உயர்த்தி ஒரு பாதை. புல் முளைத்துக் கிடந்தது. பார்த்தால் மேடு மாதிரித்தான் இருக்கும் என்றான். "குதிரை ஏறினால் நீங்கள் ஏற மாட்டீர்களா? மண்தானே மடாம்."

அந்தக் கடதாசியிலேயே அவள் தம்பி வீட்டுக்குக் கணக்குப் போட்டு வரைந்தாள். ஆறு படி, நாற்பத்தைந்து அங்குலம். ஓர் அடி உயரத்துக்கு இருபது அடி நீளம் என்று மெல்லச் சரித்தால் எழுபத்தைந்து அடி. ஜெனாட் வீட்டு வாகனப் பாதையிலிருந்து பின்வளவுக்குள் திரும்பி, வேலியோரமாகச் சுற்றி வந்தால் பின்பக்கத்து மரத்தளத்தில் போய்ச் சேரும். மரத்தளத்தில் கண்ணாடிக் கதவு. கதவுக்கு அப்பால் வரவேற்பறை. கைபிடிக் கம்பிகூடத் தேவையில்லை, இரண்டு பக்கமும் மண்ணை அணைத்துவிட்டால். வழி இருந்தது. இனிக் கேட்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஜெனாட் அவளிடம் வந்தபோது சாவியையும் அந்தக் கடதாசியையும் எடுத்து மேசையில் வைத்தாள். அவனுடைய முகம் வாடியது.

"இருபத்துமூண்டும் செய்தனான் அக்கா. ஒண்டும் விடேல்லை."

"ஓம். நீ ஒண்டும் விடேல்லை. நான்தான் விட்டிட்டன்."

"எங்களோட இருக்க விருப்பமில்லையோ?"

"எனக்கு இருக்க வீடு இருக்கு, தம்பி. வாறதுக்குத்தான் ஒரு வீடு இல்லை."  நிறுத்தி, தேநீர்க் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னாள்: "பதின்மூண்டு வருசமா எல்லாரும் எனக்குப் போயிட்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டுப் போகினம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்ரை வீட்டிலை இருந்துபோட்டு, எழும்பி, போயிட்டு வாறன் எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான்ரா."

 ஜெனாட் கண்ணைத் துடைக்கிற ஆள் இல்லை. கடதாசியைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான்.

"இதென்ன, மாட்டுக் கொட்டிலோ?"

"ஓம். குதிரை ஏறுமாம்."

"றொஷினியின்ரை தக்காளிப் பாத்தி போயிடும் அக்கா."

"தெரியும்."

யோசிச்சுச் சொல்லுறன் என்று கடதாசியை மடித்துக் கொண்டுபோனான். சாவியையும் கொண்டுபோனான்.

அதோடு மார்கழி வந்தது. நிலம் இறுகிவிட்டது. சித்திரைவரை மண்ணில் கை வைக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஜெனாட் வழக்கம்போல வந்தான், சாமான் வாங்கிக்கொடுத்தான், வாசல் பனியை அள்ளினான், அந்தக் கதையை எடுக்கவில்லை. றொஷினி வருவது குறைந்தது. கோபமா, வேலையா என்று கேட்க றோசலினால் முடியவில்லை. இனி ஒரு தரம் கேட்கக்கூடாது என்று வைத்திருந்தாள். நத்தார்ப் பெருநாளுக்குச் சனம் வந்து போனது. மாலை நான்கு மணிக்கே இருண்டுபோகிற அந்த நாட்களில் வேலை முடிந்து ரயில் நிலையத்துப் பக்கமிருந்து வருகிறவர்கள் சன்னலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். அந்த அறையில் இருந்தால் மேலேயிருந்து சிரிப்புச் சத்தமாவது கேட்கும்.

படிவத்தை மட்டும் மாற்றினாள். பழைய முதல் கேள்விக்கும் மேலே ஒன்று சேர்த்தாள்: இந்த வீட்டுக்கு விருந்துக்கு வருகிறவர் எந்தக் கதவால் வருவார், எல்லாரோடும் எங்கே இருப்பார்? தை மாதத்துத் தொகுதிக்குக் கொடுத்தபோது, வீட்டுக்காரருக்கு வீடு கட்டவா, வருகிறவனுக்குக் கட்டவா என்று ஒரு மேசன் முறைத்தான். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

வைகாசியில் ஒரு காலை தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. பின்வளவில் மலை மாதிரி மண். அதன் உச்சியில் றொஷினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தக்காளிக்கு மேட்டின் சரிவில் இடம் பிடித்துவிட்டதாகவும், வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறது என்றும் கீழே எழுதியிருந்தாள். ஆடி நடுப்பகுதியில் பாதை முடிந்தது. கண்ணாடிக் கதவின் அடிச்சட்டத்தையும் ஜெனாட் தோண்டித் தரையோடு இறக்கிவிட்டிருந்தான். ஒரு நாள் குறிச்சுச் சொல்லுறன் அக்கா, எல்லாரையும் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போடுவம் என்றான். மீண்டும் நாடா கட்டிவிடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால் சொல்லாமல் போனாள். ஒரு ஞாயிறு பின்னேரம், கையில் அரைக் கிலோ திராட்சைப் பழத்தோடு, அந்தப் பக்கம் வந்தவள் எட்டிப் பார்க்கிற மாதிரி. வேனை நிறுத்தி, வேலியோரம் திரும்பி ஏறத் தொடங்கினாள். எழுபத்தைந்து அடி. கை வலிக்கவில்லை. சரிவில் தக்காளிச் செடிகள் இடுப்பளவு. மேலே மரத்தளம், அங்கே பிள்ளைகளின் செருப்புகள், காயப்போட்ட நீச்சல் உடுப்பு. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அவளை யாரும் தூக்கிக்கொண்டு வந்து வைக்கவில்லை. தட்டினாள்.

யாரும் வரவில்லை. மறுபடி தட்டினாள். கண்ணாடிக்குள்ளே வரவேற்பறை தெரிந்தது. மேசையில் கழுவாத இரண்டு கோப்பை, நாற்காலியில் மடிக்காத துவாய், சுவரில் அவள் முன்பு ஒருநாளும் பார்த்திராத ஒரு மணிக்கூடு. வீடு பூட்டிக் கிடந்தது.

ஜெனாட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னால் மேளச் சத்தம். ஒட்டாவாவில் ஒரு கலியாணவீட்டில் நின்றான். வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்ததும் பதறிப்போனான்.

"சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே அக்கா. இப்ப என்ன செய்யிறது?"

"என்ன செய்யிறது? ஆள் இல்லாத வீட்டுக்கு வந்திட்டன். திரும்பிப் போறன்." சிரிப்பு வந்தது அவளுக்கு. பிடிக்க முடியாத சிரிப்பு. "எத்தினை பேர் என்ரை கதவையும் இப்பிடித் தட்டிப்போட்டுப் போயிருப்பினம். இனி நானும் ஒராள்."

திராட்சைப் பழப் பையைக் கதவுக் கைபிடியில் கட்டினாள். கொஞ்ச நேரம் அந்த உயரத்திலிருந்து பக்கத்து வளவுகளைப் பார்த்தாள். யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு நாற்காலியைத் திருப்பி, சக்கரத்தை இலேசாகப் பிடித்தபடி, தனியே இறங்கத் தொடங்கினாள்.